மகனின் அணி கூட்டணி மாறிய வருஷம்

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து என் கைபேசி சிணுங்கியது. வதனி கறிச்சட்டியிலிருந்து தலையை எடுக்காமலே, "உங்கடை அமெரிக்காக்காரர் கூப்பிடுகினம்" என்றாள். வதனி என் மனிசி. நக்கலாகச் சொன்னாலும் அவள் சொன்னது சரி. ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன நகரம், அதில் ஒரு நடுத்தரக் கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு ஒரு ஆண்கள் உதைபந்தாட்ட அணி. இன்றைக்கு அவர்களுக்கு ஆட்டம் இருக்கிறதென்று, ஹனோவரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பேக்கரித் தொழிலாளிக்கு அந்தக் கல்லூரியின் செயலி மறக்காமல் அறிவிக்கிறது.

அந்த அணியில் இப்போது எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. எங்கள் ஒரே மகன் துவாரகன் அங்கே படிப்பை முடித்து, வேறொரு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். செயலியை அழியுங்கோ என்று வதனி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்றைக்கு அந்த அறிவிப்புக்குக் கீழே இன்னொரு செய்தியும் கிடந்தது. வருகிற வருஷம் அணி மறுபடியும் கொன்பரன்ஸ் மாறுகிறதாம். வாசித்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. எங்கேயோ கிடக்கிற கல்லூரி எந்தக் கூட்டத்தோடு சேர்ந்தால் இந்த மனிசனுக்கு என்ன என்று நினைப்பீர்கள். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2

துவாரகன் ஹனோவரில் பிறந்தவன். நடக்கத் தொடங்கின நாளிலிருந்து காலில் பந்துதான். இங்கே ஒரு பெரிய கழகத்தின் இளையோர் அணியில் இடது பக்கத்துக் காவலனாக விளையாடினான். பதினெட்டு வயதில் கழித்துவிட்டார்கள். உயரம் காணாதாம். கொஞ்ச நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. என்னடா என்று கதவில் தட்டினால், "நிஷ்ட் ஸோ ஷ்லிம், அப்பா" என்பான். அப்படி ஒன்றும் மோசமில்லை என்று அர்த்தம். அவன் அப்படிச் சொன்னால் விஷயம் நல்லாய் மோசம் என்று அன்றைக்குத்தான் படித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் தானாகவே வெளியே வந்தான். அமெரிக்காவில் கல்லூரிகளே அணி வைத்திருக்கிறார்கள், விளையாடத் தெரிந்தால் படிப்புச் செலவில் பெரும்பங்கை அவர்களே பொறுப்பேற்கிறார்கள், பிள்ளைகளைச் சேர்த்துவிட இங்கே ஏஜென்சி இருக்கிறது என்றான். ஏஜென்சியோ என்று இழுத்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்ததே ஒரு ஏஜென்சிக்காரனை நம்பித்தான். கனடா என்று சொல்லி ஏற்றினவன் இங்கே இறக்கிவிட்டுக் காணாமல் போனான். "இது வேறை ஏஜென்சி அப்பா, உங்கடை மாதிரி இல்லை" என்று பிள்ளை சிரித்தான். அந்தக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தான்.

கொன்பரன்ஸ் என்றால் என்னவென்று எனக்கு அவன்தான் விளங்கப்படுத்தினான். கல்லூரிகள் ஏழெட்டு, பத்து என்று ஒரு கூட்டுச் சேரும். அந்தக் கூட்டுக்குள்ளேதான் முக்கியமான ஆட்டங்கள். முதல் அவர்களுடைய கூட்டில் இருந்ததெல்லாம் பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரிகள். காலையில் போனால் இரவு படுக்கைக்கு வந்துவிடுவான். அட்டவணையைப் பார்த்தால் பிள்ளை எந்த நேரம் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் தொலைபேசி எடுப்பது முதல் வருஷம் நாளுக்கொரு தரம், பிறகு கிழமைக்கொரு தரம், பிறகு நினைத்தால் ஒரு தரம் என்று ஆகிவிட்டது. அவனிடம் கேட்டால் "ஆலஸ் குட்", எல்லாம் நல்லம், அவ்வளவுதான். அட்டவணை அவனைவிடக் கூடக் கதைத்தது. அதனால்தான் அந்தச் செயலியை நான் மூன்று வருஷமாகக் கோயில் கலண்டர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் கிழமையில், சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டம் பக்கத்துக் கல்லூரியோடுதான். அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற கல்லூரி. இரண்டு பகுதிக்கும் நெடுங்காலத்து முறுகல். அன்றைக்கு ஆட்டம் தொடங்க முதல் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீனியர் டே என்பார்கள். நாலாம் வருஷப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிள்ளை ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தகப்பன் என்று கோட்டிலிருந்து நடு மைதானம் வரைக்கும் நடப்பான். தாய்க்குப் பூங்கொத்துக் கொடுப்பான். படம் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

முதல் வருஷம் இதைத் திரையில் பார்த்தபோதே வதனி சொல்லிவிட்டாள்: "இவன்ரை முறைக்கு நாங்கள் போறம்." நான் மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளை அங்கே விளையாடினதை ஒரு நாளாவது நேரில் பார்க்கவேண்டும், அவனுக்குப் பக்கத்தில் அந்தக் கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

3

இதிலே நான் விட்ட பிழை எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை.

எங்களுக்கு ஊர்தான் அணி. ஊர் எழும்பி நடக்காது. அயலூரும் நடக்காது. இங்கே ஜெர்மனியில் ஒவ்வொரு கோடையும் தமிழர் உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். அணிகளின் பெயரெல்லாம் யாழ்ப்பாணத்து ஊர்க் கழகங்களின் பெயர். பேர்லினில் பிறந்தவனும் ஹாலேயில் படிக்கிறவனும் தகப்பனின் ஊருக்குத்தான் விளையாடவேண்டும். ஊரைக் கண்ணாலும் கண்டிராத பெடியள், அயலூர்க்காரன் காலைத் தட்டிவிட்டால் பரம்பரைப் பகை மாதிரிச் சண்டைக்குப் போவார்கள். துவாரகனும் விடுமுறைக்கு வந்து எங்கள் ஊருக்கு விளையாடுவான்.

ஆனால் ஊரிலேயே ஒருமுறை லீக் மாறினது எனக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். நான் கழகத்தில் விளையாடின காலம், ஒரு அரையிறுதியில் நடுவர் தந்த பெனால்டி பிழையென்று எங்கள் கழகப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டு லீக்கை விட்டே வெளியேறினார்கள். வெளியேறி, வடமராட்சிப் பக்கத்து லீக்கில் போய்ச் சேர்ந்தோம். அதோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வல்லை என்கிற பெரிய வெட்டவெளியைத் தாண்டிப் போகவேண்டும். நடுவிலே ஆமி மறிப்பான். அடையாள அட்டையைக் காட்டி, இறங்கி நடந்து, திரும்ப ஏறிப் போய்ச் சேர அரைவாசி அணிதான் மிஞ்சும். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதுவரைக்கும் என் தகப்பன், எங்கள் ஐயா, ஒரு ஆட்டமும் விடமாட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைத்தான் ஏசுவார். "உவனுக்குக் காலிலை என்ன, களியோ" என்று அவர் கத்துகிறது எதிர் அணிக்கும் கேட்கும். லீக் மாறின பிறகு வல்லை தாண்டி அவர் வரவில்லை, வர ஏலாது. அடுத்த வருஷம் நான் கொழும்புக்கு வெளிக்கிட்டு, பிறகு இஞ்சாலே வந்துவிட்டேன். ஐயா நான் விளையாடினதைக் கடைசியாகப் பார்த்தது எந்த ஆட்டம் என்று எனக்கு இப்போது நினைவில்லை. அதுதான் கடைசி என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாதே.

இவ்வளவும் தெரிந்த மனிசன், அமெரிக்கக் கல்லூரி மட்டும் அசையாது என்று நம்பினேன். பக்கத்துக் கல்லூரி பக்கத்திலேதானே இருக்கும், கடைசி ஆட்டம் அதோடுதானே நடக்கும் என்று, அந்த வருஷத்து அட்டவணை வர முதலே, பழைய அட்டவணையை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன்.

4

எல்லாவற்றையும் என்றால், முதலாவது விடுமுறை. எங்கள் பேக்கரித் தொழிற்சாலையில் வருஷத்து விடுமுறைத் திட்டம் ஜனவரியிலேயே சுவரில் ஏறிவிடும். ஏறினால் ஏறினதுதான். வதனி வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அதே கதை. இரண்டு பேருக்கும் ஒரே கிழமை கிடைப்பதென்றால் தவம் இருக்கவேண்டும். கிடைத்தது. நவம்பர் முதல் கிழமை. கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கே விமானச் சீட்டும் எடுத்தேன், திகதி மாற்ற ஏலாத வகையில். இங்கே இருந்து இருந்து ஜெர்மன்காரனைவிட ஜெர்மன்காரனாகிவிட்டேன் என்று வதனி கேலி செய்தாள்.

கோடையில் துவாரகனின் அழைப்பு வந்தது. அன்றைக்கு எடுப்பான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, ஒண்டு சொல்லோணும். நாங்கள் கொன்பரன்ஸ் மாறுறம்."

"மாறுங்கோவன். அதுக்கென்ன?"

"அட்டவணையும் மாறுது. சீனியர் டே நவம்பரிலை இல்லை. ஒக்டோபர் நடுவிலை."

"அப்ப பக்கத்துக் கல்லூரியோடை ஆட்டம்?"

"அவை வேறை கொன்பரன்ஸுக்குப் போயிட்டினம். இனி அவையோடை ஆட்டம் இல்லை."

"விசர்க்கதை கதையாதை. அரை மணித்தியாலத்திலை இருக்கிறவையோடை விளையாடாமல் வேறை ஆரோடை விளையாடப் போறியள்?"

"கலிஃபோர்னியா," என்றான். "அங்கை ரெண்டு கல்லூரி எங்கடை புதுக் கொன்பரன்ஸிலை இருக்கு. நவம்பர் முதல் கிழமை அங்கைதான் போறம்."

நவம்பருக்குச் சீட்டு எடுத்தாயிற்றே என்றேன். பிறகு, "நிஷ்ட் ஸோ ஷ்லிம், அப்பா" என்றான்.

ஏன் மாறுகிறார்கள் என்று பிறகு கேட்டறிந்தேன். அங்கே பெரிய விளையாட்டு இவர்களுடைய உதைபந்து இல்லை, கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த அமெரிக்க விளையாட்டு. தொலைக்காட்சிக்காரர் அதற்குத்தான் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதற்காகப் பெரிய கல்லூரிகள் கூட்டு விட்டுக் கூட்டுத் தாவ, சின்ன விளையாட்டெல்லாம் பெரியாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு இழுபடுகிற பிள்ளைகள் மாதிரிப் பின்னாலே போகவேண்டும். இவர்களுடைய கல்லூரியில் இன்னும் வினோதம். மற்ற விளையாட்டெல்லாம் பழைய கூட்டிலேயே நிற்க, அந்தக் கூட்டில் ஆண்கள் உதைபந்துக்குப் போதிய அணி இல்லையென்று இவர்களை மட்டும் இன்னொரு கூட்டில் விருந்தாளியாகச் சேர்த்துவிட்டார்கள். இருப்பது ஓரிடம், பதிவு வேறிடம். இதை மட்டும் எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் எத்தனையோ வருஷம் நீல நிற அகதிப் பாஸ்போர்ட்டோடு இந்த நாட்டில் இருந்தவன்.

கோடைப் போட்டியில் எங்கள் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் தவம் அண்ணையிடம் சொல்லிப் புலம்பினேன். அவருக்கு மரக்கறிக் கடை, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் கதைப்பார்.

"கூட்டணி மாறுறதெண்டால் எங்கடை தலைவர்மாரை விடவோ அமெரிக்கன் மாறிப்போட்டான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீட்டை மாத்தேலாதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சீட்டு ஒரு பக்கம் கிடக்கட்டும் அண்ணை. உர்லவுப் தரமாட்டினம்." விடுமுறையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்.

"கேட்டுப் பாரும். வாய் இருக்குத்தானே."

கேட்டேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான லோமான் அம்மா கெட்ட மனிசி இல்லை. திட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் விரித்து, என்னையும் பக்கத்தில் இருத்திப் பார்த்தார். ஒக்டோபர் நடுவில் இங்கே பள்ளிக்கூட விடுமுறை. பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறவர்களுக்குத்தான் அந்த நாட்களில் முதல் உரிமை. என்னோடு அடுப்புப் பகுதியில் நிற்கும் போலந்துக்காரன் மாரெக்குக்கு மூன்று பிள்ளைகள். அவன் போனால் நான் நிற்கவேண்டும்.

"என்ரை பிள்ளையும் படிக்கிறவன்தான்" என்று என் ஜெர்மனில் சொன்னேன்.

"உங்கள் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது, சிவநேசன் அவர்களே" என்றார் லோமான் அம்மா.

மாரெக்கிடமும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தாயைப் பார்க்கப் பிள்ளைகளோடு போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், தாய்க்குச் சுகமில்லை என்றான். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தாயைப் பார்க்கப் போகாதே என்று நான் ஒருவனுக்குச் சொல்வதா?

வீட்டில் சண்டை. "நான் தனியப் போறன்" என்று வதனி நின்றாள். அவளுடைய இல்லத்தில் அந்தக் கிழமை கூட வேலை செய்கிற மூன்று பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், இருக்கிற விடுமுறையையே வெட்டப் பார்க்கிறார்கள் என்று அவளே வந்து சொன்ன அன்றைக்குச் சண்டை முடிந்தது. சாப்பிடாமல் படுத்தாள். நானும் சாப்பிடவில்லை. முப்பது வருஷமாக இந்த நாட்டுக்காரருக்கு அடுப்பில் பாணைச் சுட்டு, கிழடுகளைக் கழுவித் துடைத்து, பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாள் நிற்க ஏலாமல் போய்விட்டதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆரைக் கோபிப்பது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது ஆளைக் களைக்கப்பண்ணுகிற மாதிரி வேறொன்றும் பண்ணாது.

5

சீனியர் டே ஞாயிற்றுக்கிழமை. அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். எனக்குப் பின்னேர ஷிஃப்ட். சாப்பாட்டு இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன். அது மட்டும் கிடைத்தது.

ஓய்வறையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துக்கொண்டு இருந்தேன். எதிரே றீமா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். சிரியாவிலிருந்து வந்தவள், பொதி கட்டும் பகுதியில் வேலை. என்ன பார்க்கிறாய் என்று எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். நெட்டைப் பெடியள், நெட்டைத் தகப்பன்மார், தொப்பி போட்ட தாய்மார். ஒருவனோடு தங்கச்சிமாரும் நாயும் நடந்தன. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ என் பிள்ளை. ஒலிபெருக்கியில் அவன் பெயர் மூன்று துண்டாக உடைந்து வந்தது. துவா, ரா, கான் என்று. பிறகு, "பெற்றோர் சிவநேசன், வதனி. ஹனோவர், ஜெர்மனி" என்று வாசித்தார்கள். கோடையிலே துவாரகன் எழுதிக் கொடுத்திருந்த பெயர்கள். நாங்கள் வரவில்லை என்று சொல்லியும் ஒருவரும் வெட்டவில்லை.

எங்கள் இரண்டு பேரின் பெயரையும் வாசிக்க, அவன் தனியே நடந்து வந்தான். கையில் பூங்கொத்து. இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. சனம் கைதட்டியது, மற்றவர்களுக்குத் தட்டினதைவிடப் பலமாக. அவன் நிலத்தைப் பார்க்கவில்லை, நேரே பார்த்துத்தான் நடந்தான். நடுவில் போய் நின்றதும் பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கை மாற்றினான்.

"இது உன் மகனா?" என்று றீமா கேட்டாள்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது.

"நீ எங்கே?"

"இங்கே."

அவள் தன் பெட்டியிலிருந்து ஏதோ இனிப்பை எடுத்து என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். இடைவேளை முடிந்து நான் அடுப்புக்குத் திரும்பினேன். வேலைக்கு நடுவில் வதனி எடுத்தாள். அவள் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"என்னெண்டு நடந்தவன்?"

"வடிவா நடந்தவன்."

"ஆரோடை?"

"தனிய."

அவள் போனை வைத்துவிட்டாள்.

6

நவம்பரில் போனோம். மாற்ற ஏலாத சீட்டு, மாற்ற ஏலாத விடுமுறை, வேறென்ன செய்ய? அமெரிக்க விமான நிலையத்தில் குடிவரவுக்காரன் என் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். பாஸ்போர்ட் எந்த நிறமாக இருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் நான் இன்றைக்கும் அகதிதான்.

"எதற்காக வந்தீர்கள்?"

"மகன் உதைபந்து விளையாடுகிறான்."

"ஆட்டம் எங்கே?"

"கலிஃபோர்னியாவில்."

"அப்ப நீங்கள் அங்கே போகிறீர்களா?"

"இல்லை. ஒஹையோவுக்கு."

அவன் நிமிர்ந்து என்னையும் வதனியையும் பார்த்தான். விளங்கப்படுத்த எனக்கு இங்கிலீஷும் காணாது, தெம்பும் காணாது. "கொன்பரன்ஸ் சேஞ்ச்" என்றேன். அந்த மனிசனுக்கு அது போதுமாக இருந்தது. தன்னுடைய மருமகளும் ஒரு கல்லூரிக்குக் கரப்பந்து விளையாடுகிறாள், இந்தக் கூத்தால் குடும்பமே அலைகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டு முத்திரையைக் குத்தினான்.

வியாழன் பின்னேரம் துவாரகன் எங்களைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெலிந்திருந்தான். முழங்காலில் பட்டி கட்டியிருந்தான். வெள்ளி விடியவே அணியோடு விமானம் ஏறவேண்டும். ஒரு இரவு முழுக்கக் கதைக்கலாம் என்று வந்த தாய்க்கு அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவத்தான் நேரம் கிடைத்தது. அறைக் கதவின் திறப்பை என் கையில் தந்து, "ஞாயிறு வந்திடுவன் அப்பா, நீங்கள் திங்கள்தானே வெளிக்கிடுறீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் அவனில்லாத அறையில் அவனோடு இருந்தோம். வதனி இருந்த உடுப்பெல்லாம் தோய்த்தாள். சன்னலில் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தப் பூங்கொத்து நின்றது. காய்ந்து, தண்ணீர் வற்றி, தொட்டால் உதிரும். வதனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கெண்டு வைச்சிருக்கிறான்" என்றாள். எறியவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை அவனுடைய மேசையில், அவனுடைய மடிக்கணினியில் பார்த்தோம். கடல் தாண்டி வந்தும் அதே சின்னத் திரை. சன்னலுக்கு வெளியே அவன் மூன்றரை வருஷம் விளையாடின மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. அவன் அங்கே இல்லை. நாங்கள் எங்கே போனாலும் அவன் அடுத்த கரையில்தான் நிற்கிறான் என்று எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வந்தது. வதனி முறைத்தாள்.

தோற்றுவிட்டார்கள். அதோடு அந்த வருஷமும் முடிந்தது, அவனுடைய காலமும் முடிந்தது. ஊதல் ஊதினதும் அவன் புல்லில் குந்தி, சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். வதனி திரையில் கையை வைத்தாள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

7

ஞாயிறு பின்னேரம் வந்தான். பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து. வதனி இறைச்சிக்கறி வைத்திருந்தாள். அவனுடைய கூட்டாளிகளின் அடுப்பில், எங்கள் பெட்டியில் கொண்டுவந்த தூளில். அவன் பையை இறக்கிவிட்டுக் கோப்பையை எடுக்கப்போக, அவள் மறித்தாள்.

"முதல் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ."

"எந்த இடம்?"

"நீ நடந்த இடம்."

"அம்மா, அங்கை இப்ப ஒண்டுமில்லை. எல்லாம் முடிஞ்சுது."

"இருக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் என் சப்பாத்தைப் போடத் தொடங்கிவிட்டேன்.

மைதானத்து வாசல் திறந்து கிடந்தது. கோல் வலைகளைக் கழற்றிவிட்டார்கள். ஆசனங்கள் வெறிச்சென்று கிடந்தன. புல்லெல்லாம் மேப்பிள் சருகு. ஒரு கிழவன் முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு சருகை ஊதி ஒதுக்கிக்கொண்டிருந்தான். ஊரையே எழுப்புகிற சத்தம். எங்களைக் கண்டதும் கையை ஆட்டி, மூடியாயிற்று, போங்கோ என்று காட்டினான். துவாரகன் நொண்டிக்கொண்டு அவனிடம் போய் ஏதோ சொன்னான். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கிழவன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எதிலை நிக்கிறது?" என்று கேட்டேன்.

"இந்தக் கோட்டிலை. அப்பா இஞ்சை வாங்கோ, எனக்கு இடப்பக்கம். அம்மா அங்காலை."

வதனி கைப்பையைத் திறந்து, பேப்பரில் சுற்றின அந்தக் காய்ந்த பூங்கொத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தா" என்றாள். அவன் வாங்கி, ஒரு கணம் வைத்திருந்து, திரும்ப அவளிடம் கொடுத்தான். பாதி இதழ் கீழே கொட்டிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் மெஷின் சத்தம் நின்றது. கிழவன் அதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றான். பெயர் வாசிக்க ஒருவரும் இல்லை, கைதட்ட ஒருவரும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். துவாரகன் என் தோளில் கையைப் போட்டான். முழங்கால் நோகிறதென்றான். அவனுடைய பாரம் முழுக்க என்மேல்தான் விழுந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்த மாதிரி என் காலும் சோர்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவனைக் கொஞ்சம் மெதுவாக நட என்று நான் சொல்லவில்லை.

நடுவில் போய் நின்றோம்.

"பிறகு என்ன செய்யிறது?" என்றேன்.

"பிறகு ஒண்டுமில்லை அப்பா. திரும்பி நிக்கிறது. அவ்வளவுதான்."

திரும்பி நின்றோம். எதிரே வெறும் ஆசனங்கள். கொஞ்சம் நின்றபிறகு அவன், "களைச்சுப் போனன்" என்றான்.

"நாங்களுந்தான் ராசா" என்றாள் வதனி. "வா, சோறு ஆறப்போகுது."

நாங்கள் நடந்து வெளியே வந்து, வாசலைத் தாண்டும்வரைக்கும் கிழவன் மெஷினைத் திரும்ப முடுக்கவில்லை.